அப்பாவின் பழுப்பு நிறச் செல்கள்

"இவ்வளவு படிச்சிருக்கியே, ஒங்கப்பன் பீடிய விட்டானா இல்லையான்னு ஒன் பூதக்கண்ணாடியில தெரியுமாடி?"

கேட்டது அத்தை, அப்பாவின் அக்கா. அம்பகரத்தூர் அம்மனைக் கும்பிட வந்தவள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா அப்போது வயலில் இருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன்பே பீடியை விட்டுவிட்டதாக அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

"தெரியும் அத்தை," என்றேன்.

"அப்படின்னா பாத்துச் சொல்லு. எங்களுக்கெல்லாம் மூக்குதான். போன வாரம் அவன் பக்கத்துல உக்காந்திருந்தேன். என் மூக்கு வேற சொல்லுது."

நான் தெரியும் என்று சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அத்தைக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பதுதான் அந்த வீட்டில் எனக்கிருந்த இடம். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

காரைக்காலில் நெஞ்சு நோய்க்கான ஒரு மருத்துவமனையின் மாடியில் எனக்கு வேலை. பல வருடங்கள் புகைத்து, மூச்சுக்குழாய் சுருங்கி, நாலு படி ஏறினாலே இளைக்கிறவர்களின் சளியை வாங்கி, அதிலுள்ள நோய் எதிர்ப்புச் செல்களை எண்ணுகிறோம். ஊரில் யாராவது கேட்டால் 'ஆராய்ச்சி' என்பேன். அம்மா மட்டும் 'சளி பாக்குறா' என்று நேராகச் சொல்லிவிடுவாள்.

நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோபேஜ் என்றொரு செல் உண்டு. விழுங்குவதுதான் அதன் வேலை. தூசி, கிருமி, செத்துப்போன மற்ற செல்கள், எது வந்தாலும் விழுங்கும். புகைக்கிறவர்களிடம் இவை பல மடங்கு பெருகி, புகையின் துகள்களை விழுங்கி விழுங்கிப் பழுப்பேறிக் கிடக்கும். நோய் முற்றியவர்களிடம் இவற்றால் கிருமியைச் சரியாக விழுங்க முடிவதில்லை. ஆனால் ஆள் கூப்பிடுவதை மட்டும் நிறுத்துவதில்லை. கூப்பிட்ட குரலுக்கு வரும் வேறு வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளைக் கொட்டி, நுரையீரலின் சுவரையே அரித்துவிடும். வீட்டைக் காக்க வந்தவர்களே சுவரை இடிப்பது போல.

படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: இப்போது புகைக்கிறீர்களா? விட்டுவிட்டேன் என்று எழுதிய படிவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். சேர்ந்த சில மாதங்களிலேயே நான் யாரையும் நம்பாத ஆளாகிவிட்டேன். பட்டினச்சேரியிலிருந்து வந்த ஒரு மீனவர் விட்டுவிட்டதாகக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்ட விரல் நுனியில் மஞ்சள் கறை. மனிதர்கள் பொய் சொல்வார்கள், செல்கள் சொல்லாது என்று கூட வேலை செய்யும் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். எனக்கு முன்பிருந்தே அந்த ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் அவர். "செல்லு எங்க பேசுது? நாமதான பேசறோம்," என்று சொல்லிவிட்டுத் தன் ஸ்லைடுக்குத் திரும்பிவிட்டார்.

அப்பாவை இந்த ஆய்வில் சேர்த்துவிட்டது நான்தான். சேர்ந்தவர்களுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் மூச்சுப் பயிற்சி வகுப்பு உண்டு. நாலாவது வகுப்பு முடிந்து வந்த அன்று, நடுவில் எங்கும் நிற்காமல் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்து வந்ததை அப்பா அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார். புகைப்பதை விட்டவர்கள் என்ற பிரிவில் அவர் இருந்தார். அவர் என் அப்பா என்பதை ஆய்வை நடத்தும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். சளிக் குப்பியில் எண் மட்டும்தான் இருக்கும், ஆனால் எது அப்பாவுடையது என்று எப்படியாவது தெரிந்துவிட்டால் அதை நான் எண்ணக்கூடாது, உடனே சொல்லிவிட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. சரி என்று தலையாட்டினேன்.

அப்பாவின் முதல் குப்பி திருப்பி அனுப்பப்பட்டது. உள்ளே சளியே இல்லை. வெறும் எச்சில்.

"ஏம்ப்பா, நெஞ்சுலேர்ந்து இருமித் துப்பணும்னு நர்சம்மா சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்கதான். பொண்ணு வேலை பாக்குற எடத்துக்குக் கோழையா குடுத்து அனுப்புறது, பாப்பா? நல்லா பல்லு வெளக்கி, பத்துத் தரம் கொப்பளிச்சு, சுத்தமாத்தான் குடுத்தேன்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்தாரா, அல்லது நெஞ்சிலிருப்பது என் கண்ணில் படக்கூடாது என்று செய்தாரா? அத்தையின் மூக்கு நினைவுக்கு வந்தது. இன்னொரு குப்பி கொடுக்கச் சொன்னேன்.

குப்பிகளை வாங்க விடிந்ததும் ஐஸ் பெட்டியுடன் ஒரு வேன் ஊர் ஊராகப் போய் வரும். அப்படி ஒருநாள் நான் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது பெட்டியில் நாலு குப்பிகள் இருந்தன. ஒன்றின் மூடியில் குங்குமம்.

அது யார் வைத்த பொட்டு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வீட்டிலிருந்து நல்ல காரியத்துக்கு வெளியே போகும் எந்தப் பொருளையும் அம்மா கோயில் குங்குமம் வைக்காமல் அனுப்ப மாட்டாள். என் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் என் புகைப்படத்தின் நெற்றியிலேயே வைத்துவிட்டாள். தேர்வு மேற்பார்வையாளர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது அப்பாவின் சளிக்கும் வைத்திருக்கிறாள்.

அந்த நிமிடமே அக்காவைக் கூப்பிட்டு, இது என் அப்பாவுடையது, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் பக்கத்து மேசையில்தான் இருந்தார். நான் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மூடியைத் துடைத்துவிட்டு, குப்பியின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டேன்.

சளியில் கெட்டியான பகுதியை மட்டும் பிரித்து, மருந்தில் கரைத்து, வலைத்துணியில் வடிகட்டி, சுழலவிட்டு, கண்ணாடியில் ஒட்டச் செய்து, சாயம் ஏற்றினேன். லென்ஸில் கண்ணை வைத்தேன். பழுப்பு. பார்த்த இடமெல்லாம் பெரிய, வயிறு புடைத்த, பழுப்பான மேக்ரோபேஜ்கள். நடுவில் வெள்ளணுக்களின் கூட்டம். இரண்டு வருடங்களாக விட்டவரின் நெஞ்சா இது? எனக்கு முகம் சுட்டது. கோபம் மட்டும் இல்லை. அத்தையிடம் சொன்னபடியே கண்டுபிடித்துவிட்டேன் என்ற நிறைவும் அதில் இருந்தது. அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அதே சளியின் இன்னொரு பகுதியில் வேறொரு சோதனை. உயிரோடிருக்கும் மேக்ரோபேஜ்களுக்குப் பச்சையாக ஒளிரும் நுண்மணிகளைக் கொடுத்து, உடல் வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்து, எத்தனை விழுங்கியிருக்கின்றன என்று எண்ண வேண்டும். சில மணிகள் செல்லின் விளிம்பில் நிற்கும். உள்ளே இருக்கிறதா, வெளியே ஒட்டியிருக்கிறதா என்று நுண்ணோக்கியின் திருகை மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்படியும் தெரியாவிட்டால் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். அன்று நான் யாரையும் கூப்பிடவில்லை. புகைக்கிறவரின் செல் சரியாக விழுங்காது என்று எனக்குத் தெரியும். அதனால் விளிம்பில் நின்ற மணிகளையெல்லாம் வெளியே என்று தள்ளினேன். ஒவ்வொன்றாக, நிதானமாக.

பதிவேட்டின் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. சளி போதவில்லை, ரத்தம் கலந்திருக்கிறது என்று மாதிரியின் தரத்தை எழுதுவதற்கான இடம். அதில் எழுதினேன்: 'தற்போதும் புகைப்பவராக இருக்கக்கூடும்.'

அன்றிலிருந்து அப்பாவை வேவு பார்க்க ஆரம்பித்தேன். கொடியில் காய்ந்த சட்டையை மடிக்கும் சாக்கில் முகர்ந்தேன். அழுக்குத் துண்டை முகர்ந்தேன். ஒருநாள் சட்டைப் பையில் ஒரு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் இருந்தன. கட்டில் பாதி காலி.

"அம்மா, இது என்ன?"

"நாத்து பறிக்க ஆளு விட்டுருக்குல்ல? ஆளுங்களுக்கு. டீ, வெத்தல, பீடி குடுக்காம எவன்டி வயல்ல எறங்குறான்?"

"ஆளுங்களுக்குன்னா அவங்ககிட்டயே கட்டாக் குடுத்துட வேண்டியதுதான? அப்பா பையில ஏன் பாதி இருக்கு?"

"போலீசு வேலைக்குப் படிச்சியா, சளி பாக்கப் படிச்சியா?" என்றாள் அம்மா. சட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

அவளும் சேர்ந்து மறைக்கிறாள் என்று நினைத்தேன். பீடிக்கட்டைப் பார்த்த விவரத்தைக்கூட மனத்துக்குள் அந்த எண்ணின் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

மறு வாரம் திங்கட்கிழமை மாலை. நான் வேலையிலிருந்து வந்தபோது அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனை நர்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டு, நீங்கள் இன்னும் புகைக்கிறீர்களா, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டு, மறுநாள் வந்து ஒரு கருவியில் ஊதச் சொல்லியிருக்கிறார். புகைப்பது உறுதியானால் அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்களாம். மூச்சுப் பயிற்சியும் நின்றுபோகும்.

"எவனோ ஒருத்தன் கண்ணாடில பாத்துட்டு, நான் இன்னும் பீடி குடிக்கறேன்னு எழுதிட்டானாம் பாப்பா. ஒங்க ஆபீசுலதான். ஒனக்கு அவனத் தெரியுமா?"

அம்மா போட்ட சோற்றைத் தட்டில் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"பாத்தா சொல்லு. நான் பொய் சொல்ற ஆளான்னு கேளு. எம் பொண்ணு அங்கதான் வேலை பாக்குறான்னும் சொல்லு."

அம்மா பரிமாறுவதை நிறுத்தினாள். சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

மறுநாள் அப்பா போய் மூச்சு ஊதிவிட்டு வந்தார். புகைத்தவர் மூச்சில் கார்பன் மோனாக்சைடு கூடுதலாக இருக்கும். ஒரு கருவியில் ஊதினால் காட்டிவிடும். புகைக்காதவருக்கு இருக்கும் அளவுதான் இருந்தது என்று நர்ஸ் சொன்னாராம். அப்பா தலை நிமிர்ந்து வந்தார். எனக்கு அப்போதும் திருப்தி இல்லை. ஒரு நாள் முழுக்கப் புகைக்காமல் இருந்தால் அது இறங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். முந்தின நாளே சொல்லி அழைத்தால் யார்தான் ஜாக்கிரதையாக இருக்க மாட்டார்கள்?

என் குறிப்புக்கு வலு சேர்க்க வேண்டும் என்று ஆய்வின் வழிமுறைப் புத்தகத்தை எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கொடுத்த புத்தகம். கடைசிப் பக்கத்தில் 'முழுவதும் படித்துப் புரிந்துகொண்டேன்' என்பதற்குக் கீழே என் கையெழுத்து, வளைவுகளோடு, அழகாக இருந்தது. உண்மையில் எண்ணும் முறை உள்ள பக்கங்களை மட்டும்தான் அன்று படித்தேன். மற்றதெல்லாம் கல்லூரியில் படித்ததுதானே என்ற நினைப்பு.

மேக்ரோபேஜ் பற்றிய பக்கத்தில் இருந்தது. புகைப்பதை நிறுத்திய பிறகும் பழுப்பேறிய செல்கள் வருடக்கணக்கில் தங்கியிருக்கலாம். அழற்சியும் அடங்காமல் தொடரலாம். ஆகவே, செல்லின் நிறத்தை வைத்து ஒருவர் இப்போது புகைக்கிறார் என்று முடிவு செய்யக்கூடாது.

மூன்று முறை படித்தேன். புகை நின்ற பின்னும் அந்தக் கூட்டம் ஏன் கலைவதில்லை என்று பார்ப்பதற்காகவே விட்டவர்கள் என்ற பிரிவை வைத்திருக்கிறார்கள். நான் மாதக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்த கேள்வியே அதுதான். அத்தைக்கு நான் கொடுத்த பதில், கையெழுத்துப் போட்டுவிட்டுப் படிக்காமல் விட்ட ஒரு பக்கத்தில், தவறு என்று அச்சாகியிருந்தது.

அப்படியானால் அப்பா சொன்னது உண்மைதான் என்று நிம்மதி அடைந்திருக்கலாம். நான் அடையவில்லை. பாதிக் கட்டு எங்கே போனது என்பதற்கு அந்தப் பக்கத்தில் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லாமல் வயலுக்குப் போனேன். நாற்றங்காலில் ஏழெட்டுப் பேர் முழங்கால் சேற்றில் குனிந்து நாற்று பறித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வரப்பில் நின்றார். நான் போர்செட் பக்கம் ஒதுங்கி நின்று பார்த்தேன். ஒருவர் நிமிர்ந்து, "மொதலாளி, ஒண்ணு," என்றார். அப்பா பையிலிருந்து பீடியை எடுத்துத் தன் வாயில் வைத்தார். தீக்குச்சியைக் கிழித்தார். கன்னம் குழிய இழுத்தார். நுனி கனன்றதும் குனிந்து, சேற்றுக் கையோடு நின்றவரின் உதட்டில் அதைச் செருகினார். பிறகு அடுத்தவர். பிறகு இன்னொருவர்.

நான் வரப்பில் நடந்து வந்ததை அவர்கள்தான் முதலில் பார்த்தார்கள்.

"ஏய், டாக்டரம்மா வருது. பொகைய முழுங்குங்கடா!"

"எங்கள ஒண்ணும் சொல்லாத தாயி. ஒங்கப்பாரு பத்த வச்சுக் குடுத்தாத்தான் எங்களுக்கு நாத்தே கையில வருது."

அப்பா சிரித்துக்கொண்டே திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என்னப்பா இது?"

"எது?"

"பீடிதான் குடிக்கறது இல்லையே நீங்க."

"குடிக்கலயே. ஆளுக்குப் பத்த வச்சுக் குடுக்கறேன். அவனுங்க கையெல்லாம் சேறு. தானே பத்த வைக்கணும்னா கரையேறி, கை கழுவி, தொடைச்சு, ஒக்காந்து... ஒரு பீடிக்கு அர மணி நேரம் போச்சு. எல்லா வயல்லயும் இப்படித்தான்."

"இழுக்காம எப்படிப்பா பத்தும்?"

"ஒரு இழுப்பு. வாயோட. உள்ள விடறது இல்ல."

"ஒரு நாளைக்கு எத்தன பேருக்கு?"

அவர் சேற்றில் நின்றவர்களைப் பார்த்தார். மனத்துக்குள் எண்ணுகிறார் என்று தெரிந்தது. அதுவரை அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒளிந்துகொள்ளவும் இல்லை. ஊர் பார்க்க, வெட்டவெளியில், இத்தனை பேருக்கு நடுவில் செய்த காரியம் அது. அவரைப் பொறுத்தவரை அவர் பொய்யே சொல்லவில்லை.

"இத நர்சம்மாகிட்ட சொல்லணும்ப்பா."

"சொன்னா பயிற்சிய நிறுத்திடுவாங்களா?"

"தெரியல."

"நீ எழுதுவியா?"

"நான் எழுத மாட்டேன். நீங்கதான் சொல்லணும்." அவர் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்துச் சொன்னேன். "அன்னிக்கு எழுதினதும் நான்தான்ப்பா. எவனோ இல்ல."

அவர் தீப்பெட்டியைப் பையில் போட்டார். மறுபடி வெளியே எடுத்தார். சேற்றிலிருந்து யாரோ, "மொதலாளி, அணைஞ்சு போச்சு," என்றார்கள். அப்பா அந்தப் பக்கம் போகவில்லை. "கரையேறி வந்து பத்த வச்சுக்கடா," என்றார். பிறகு வரப்பின் மறு கோடிக்கு நடந்தார். பாதியில் மூச்சு வாங்க நின்றதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மனம் ஒரு குறுக்கு வழி தேடியது. சந்தேகப்பட்டது சரியாகப் போய்விட்டதே, பேசாமல் விட்டுவிடலாம் என்றது. பீடி உண்மைதான். ஆனால் நான் அதை ஸ்லைடில் பார்க்கவில்லை. ஸ்லைடில் அது தெரியவும் தெரியாது. அத்தையின் மூக்கையும் அம்மாவின் குங்குமத்தையும் வைத்து முடிவு செய்துவிட்டு, அதை ஒரு செல் சொன்னதாக எழுதினேன். விளிம்பில் நின்ற மணிகளை வெளியே தள்ளியது அதைவிடப் பெரிய தவறு. அப்பாவின் செல்கள் எவ்வளவு விழுங்கின என்பதை என் எண்ணிக்கையை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அந்த வாரங்களில் நான் எண்ணிய மற்றவர்களுடையது? விட்டுவிட்டேன் என்று எழுதிய எல்லோரையும் நான் அப்படித்தானே பார்த்திருப்பேன்? இந்தச் சந்தேகம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.

திங்கட்கிழமை முதல் பேருந்தில் போனேன். பதிவேட்டில் என் குறிப்பின் மீது, அடியில் உள்ள எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடு கிழித்து, தேதியும் கையெழுத்தும் போட்டேன். ஆய்வுக்கூடத்தில் எதையும் அழிக்கக்கூடாது, இப்படித்தான் அடிக்க வேண்டும். மாதிரி யாருடையது என்று தெரிந்தும் எண்ணினேன், சந்தேகமான மணிகளை இரண்டாம் ஆளிடம் காட்டவில்லை, வழிமுறையை முழுதாகப் படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று ஒரு பக்கம் எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார்.

"கேக்காமலே சொல்றீங்க. வேலை போகலாம்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

முடிவை ஆய்வுக் குழுவிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். அதுவரை நான் லென்ஸைத் தொடக்கூடாது.

அவரைப் பார்க்கப் போகும் முன்பே, அந்தக் குங்குமக் குப்பி வந்த நாள் முதல் நான் எண்ணிய ஸ்லைடுகளையெல்லாம் தட்டுத் தட்டாக அடுக்கி, மணிச் சோதனையின் படங்களையும் தனியாகச் சேர்த்து வைத்திருந்தேன். என் எண்ணிக்கைகள் இருந்த தாள்களை உறையில் போட்டு ஒட்டினேன். மறுபடி எண்ணுகிறவர் கண்ணில் அவை படக்கூடாது. தட்டுகளை அக்காவின் மேசைக்குக் கொண்டுபோய், எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அவர் முதல் ஸ்லைடை எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தார்.